பாலைவனத்தில் நான் பைரவரைத் திட்டிய நாள்

என் மகள் பூரணி ஐந்து மணி நேரம் காணாமல் போயிருந்தாள். கடைவீதிக் கூட்டத்தில் இல்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில், பங்குனி மாத வெயிலில், கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவளை அங்கே ஓட வைத்தது நான்தான். அவள் திரும்ப முடியாத பக்கமாகப் போனதற்கும் காரணம் நான்தான். இன்று அவள் குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள் என்றால், அது நம் பைரவர் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தேய்பிறை அஷ்டமிக்கு நம் சிவன் கோயிலில் கூடுகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். என் பெயர் சாந்தி. பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அழகாகச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவக் குடியிருப்புகளில் கரண்ட் வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியர். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருக்கு ராஜஸ்தானுக்கு மாறுதல் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அன்றிலிருந்து எட்டு அஷ்டமி விடாமல் பைரவருக்கு மிளகு தீபம் போட்டேன். செவ்வரளி மாலை, வடை மாலை எல்லாம் போட்டேன். ஒரே வேண்டுதல்தான். அந்த ஆர்டர் வரக்கூடாது. எட்டாவது அஷ்டமி முடிந்த மறுநாளே ஆர்டர் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பைரவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டேன். "நீ இங்கயே கெட" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

என் வீட்டுக்காரர் சாமான்களோடு இரண்டு நாய்களையும் கூட்டி வந்தார். ஒன்று கரியன், வெலிங்டன் கடைவீதியில் பொறுக்கி எடுத்த கறுப்பு நாட்டு நாய். இன்னொன்று புசு. வெள்ளை வெளேரென்று உடம்பெல்லாம் முடி. குன்னூர்க் குளிருக்குப் பிறந்தது. "இதுகளை யாருகிட்டயாவது குடுத்துட்டு வாங்க" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. நாய்கள் இருந்த பெட்டிக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். பெண்டாட்டிக்கு ஒரு காப்பி வாங்கித் தர அந்த மனுசருக்குக் கால் வரவில்லை.

எனக்கு நாய் பிடிக்காது. முடி பிடிக்காது, நாற்றம் பிடிக்காது, காலை நக்கினால் பிடிக்கவே பிடிக்காது. கரியனாவது வெளியே கிடப்பான். புசு பூரணியின் போர்வைக்குள் படுப்பாள். விரட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

அந்த ஊரையும் எனக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் பல்லில் மணல் நறநறக்கும். மாவு ஒரு பொழுதுக்குள் புளித்துப் பொங்கி வழியும். தண்ணீரில் உப்பு. துவைத்த சேலை பத்து நிமிடத்தில் காய்ந்து முறுக்காக நிற்கும். நம் பக்கம் நான்கு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாத துணியைப் பார்த்து வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டுப் பெண்கள் நல்லவர்கள்தான். அவர்கள் சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள்கூட விளக்கேற்றிக் கும்பிடவில்லை.

போன வருடம் பங்குனியில் பூரணிக்குப் பரீட்சை முடிந்தது. "பாலைவனத்துக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. மணல்ல ஒரு ராத்திரி படுக்காம ஊருக்குப் போறதா?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவரோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், ஹோலி முடிந்த பிறகு யாரும் மணலில் கூடாரம் போட மாட்டார்கள், வெயில் ஏறிவிட்டது, தையில் போயிருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். இவர் கேட்டால்தானே. ராத்திரி குளிராக இருக்கும், காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்றார். பூரணி குதித்தாள். நாய்களை விட்டுவிட்டு வர ஆள் இல்லை, ஆகவே அவையும் வந்தன. நண்பர் ஒருவரின் ஜீப்பில், மூன்று மனிதர்களும் இரண்டு நாய்களும், ரோட்டிலிருந்து விலகி மணலுக்குள் வெகுதூரம் போய்க் கூடாரம் அடித்தோம். கடைசியாகப் பார்த்த குடிசைகள் ஐந்தாறு கிலோமீட்டருக்குப் பின்னால் இருந்தன. போனில் சிக்னல் இல்லை.

ராத்திரி நன்றாகத்தான் போயிற்று. அதை மறைக்கக் கூடாது. கெடுதல் காலையில்தான் வந்தது.

மணி ஏழரை இருக்கும். என் வீட்டுக்காரர் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சின்ன அடுப்பில் டீக்குப் பால் வைத்திருந்தேன். கொண்டு வந்ததே ஒரு பாக்கெட் பால்தான். புசு வந்து பாத்திரத்தில் மூக்கை வைத்தாள். பாத்திரம் கவிழ்ந்தது. பால் முழுவதும் மணலில். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த ஊர், அந்த வெயில், அந்த மாறுதல், இரண்டு வருடக் கோபம் எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. கரண்டியை எடுத்து வீசினேன். அது புசுவின் முதுகில் நன்றாகவே பட்டது. வீல் என்று கத்திக்கொண்டு மணல்மேட்டைத் தாண்டி ஓடிவிட்டாள்.

"அம்மா!" என்று பூரணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "புசூ" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"ஓடட்டும், போய் அந்தச் சனியனைப் புடிச்சுட்டு வரட்டும்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. என் வீட்டுக்காரர் மேட்டில் ஏறிப் பார்த்தார். யாரும் இல்லை. கூப்பிட்டார். நானும் ஏறிக் கத்தினேன். நம் மலையில் கூப்பிட்டால் எதிர்ச் சரிவிலிருந்து குரல் திரும்பி வரும். அங்கே ஒன்றும் வரவில்லை, மணல் குரலைக் குடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. அவள் ஓடிய கால்தடம் எங்கள் கண் முன்னாலேயே அழிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து அடிக்கு மேல் தடமே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பள்ளம்.

ஒரு மணி நேரம் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தோம். அப்புறம் அவர், "சாந்தி, நீ இங்கயே இரு. புள்ளை திரும்பி வந்தா ஆள் இருக்கோணும். நான் அந்தக் குடிசைக்குப் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி வீசியதை அவர் பார்த்திருந்தார்.

நானும் கரியனும் மட்டும் இருந்தோம். அவனைக் கூடாரக் கம்பில் கட்டியிருந்தோம். அவிழ்த்தால் இவனும் ஓடிவிடுவான் என்று பயம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஒன்பது மணிக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை. அவள் தொப்பி கூடாரத்துக்குள் கிடந்தது. தண்ணீர் பாட்டில் கிடந்தது.

நான் கும்பிடவில்லை. கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். நான் திட்டினேன். வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஏய் பைரவா! எட்டு அஷ்டமி வெளக்குப் போட்டேன், ஒண்ணு கேட்டேன், குடுத்தியா? என்னை இந்தச் சுடுகாட்டுல கொண்டாந்து தள்ளுன. இப்ப எம்புள்ளையையும் கேக்கறியா? காவல் தெய்வமாம் காவல் தெய்வம்! யாரைக் காத்த நீ? உனக்குக் கண்ணிருந்தா எம்புள்ளையைக் குடு." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாத வார்த்தைகளும் உண்டு. கடைசியில் மண்டி போட்டு உட்கார்ந்து, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்க. அந்த நாயை எடுத்துக்க. ரெண்டையுமே எடுத்துக்க. எம்புள்ளையை மட்டும் குடுத்துடு சாமி" என்றேன்.

நாய்தான் அவருக்கு வாகனம் என்பதுகூட அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. கரியன் பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அழுது அழுது முகமெல்லாம் மணலும் கண்ணீருமாக ஒட்டியிருந்தது. முகம் கழுவலாம் என்று பூரணியின் பாட்டிலைத் திறந்தேன். பாட்டில் சாய்ந்தது. கொஞ்சம் தண்ணீர் மணலில் கொட்டியது. நாங்கள் இருந்த இடம் லேசான சரிவு. அந்தத் தண்ணீர் ஒரு சாண் தூரம் சரிவில் இறங்கி ஓடி, அப்புறம் மணலுக்குள் போய்விட்டது. நான் அதையே பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே கேட்டது. "இறங்கு. ஏறாத. இறங்கு."

இது என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் அப்பா குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில் வேலை பார்த்தார். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். மிஸ்ட், அதாவது பனிமூட்டம், இறங்கி வழி தெரியாமல் போனால் மேலே ஏறாதே. மேலே சோலைக்காடு, காட்டெருமை நிற்கும். சரிவில் இறங்கிக்கொண்டே இரு. ஓடை வரும். ஓடையோடு போனால் தொழிலாளர்களின் லைன் வீடோ ரோடோ ஃபாக்டரியோ வந்துவிடும். இதை நான் பூரணிக்கு அவளது நாலாவது வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொன்னதோடு விடவில்லை. டீக்காட்டுக்கு நடுவில் நிறுத்தி, "இப்ப வழி தெரியல, எந்தப் பக்கம் போவ?" என்று கேட்பேன். தப்பான பக்கம் கையைக் காட்டினால் தலையில் ஒரு கொட்டு விழும். அதற்கப்புறம் அவள் தப்பாகச் சொன்னதே இல்லை.

அப்படியானால் வழி தவறிய என் பிள்ளை என்ன செய்திருப்பாள்? இறங்கியிருப்பாள். ஓடையைத் தேடி இறங்கிக்கொண்டே போயிருப்பாள். ஓடையே இல்லாத ஊரில். ஐயோ, நானே அவளை அனுப்பியிருக்கிறேன்.

இடி விழவில்லை, அசரீரி கேட்கவில்லை, யாரும் வந்து நிற்கவில்லை. பாட்டில் சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் சொல்கிறேன், அந்தப் பாட்டிலைச் சாய்த்தது என் கை இல்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஒட்டகத்தில் ஒருவர். ஒட்டகக்காரர் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார், அவர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். அவர்கள் நேராக உயரமான மேடுகளைக் காட்டிப் பேசினார்கள். நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் "நீச்சே, நீச்சே" என்று கையைக் கீழே காட்டினேன். தலைப்பாகைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாட்டைப் பார்ப்பது போல இருந்தது. என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார்.

"வழி தவறுனவங்க மேட்டுக்குத்தான் ஏறுவாங்களாம் சாந்தி. ஏறிச் சுத்திப் பாப்பாங்களாம். கீழ போனா உப்புத்தரை வருமாம். அங்க ஆடுகூடப் போகாதாம்."

"இந்த ஊர்ப் புள்ளைக ஏறும். எம்புள்ள எறங்குவா."

"இத்தனை வருசமா மணல்ல பொழைக்கறவங்க சொல்றாங்க. உனக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா?"

"எம்புள்ளையப் பத்தி எனக்குத்தான் தெரியும்!"

"பண்ணுனது போதாதா?" என்றார் அவர். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம். ஒருநாளும் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர்கள் மேட்டுப் பக்கம் கிளம்பினார்கள். நான் இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் போட்டேன். கரியனை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயிடம் பேசினேன். "நடடா" என்றேன்.

மணல்மேட்டின் அந்தப் பக்கம் போய், பூரணி நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மணல்தான். ஆனால் மலையில் பிறந்த கண்ணுக்குச் சரிவு தெரியும். இடது பக்கம் தரை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. போனேன். இரண்டு பள்ளம் பிரியும் இடத்தில் எது அதிகம் தாழ்வோ அதில் போனேன். ஒவ்வொரு பிரிவிலும் அப்படியே. வாய் ஓயவே இல்லை. "பைரவா, விட மாட்டேன். பைரவா, உன்னை விட மாட்டேன்." இதுதான் என் ஜெபம், இதுதான் என் மந்திரம். வெயில் உச்சியில் இறங்கியது. கரியன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன்.

காற்றுப் படாத ஒரு பள்ளத்தில் தரை கெட்டியாக இருந்தது. அதில் ஒரு சின்னச் செருப்புத் தடம். பக்கத்தில் நாயின் கால்தடம். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தடத்தைத் தொட்டுப் பார்த்தேன். கரியன் மோந்து பார்த்துவிட்டு இழுக்க ஆரம்பித்தான். அதற்கப்புறம் நான் சரிவைப் பார்க்கவில்லை, அவன் வாலைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

மணல் முடிந்து உப்புத்தரை வந்தது. வெள்ளையாக, பரந்து கிடந்தது. தூரத்தில் தண்ணீர் நிற்பது போலவே பளபளத்தது. ஊட்டி ஏரியைப் பார்த்து வளர்ந்த குழந்தை அதை ஏரி என்றுதானே நினைக்கும். அந்த உப்புத்தரையின் ஓரத்தில் ஒரே ஒரு முள்மரம். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதன் அடியில் என் மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

புசு அவள் தலைமாட்டில், வெயில் வரும் பக்கமாகப் படுத்திருந்தாள். பூரணியின் முகத்தில் புசுவின் உடம்பு நிழல் விழுந்திருந்தது. கரியன் குரைத்தான். புசு தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. வால் மட்டும் ஒரு தரம் ஆடியது.

பூரணி கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். "நான் எறங்கிட்டேதான் இருந்தேன். ஓடையே வரலைங்கம்மா" என்றாள். ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம், கொட்டு விழும் என்று பயந்த குரல் அது.

அவளை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் குடித்ததும் "புசுவுக்கு" என்றாள். இருந்தது அரை பாட்டில். திரும்பி எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ தெரியாது. நான் பாட்டில் மூடியில் ஊற்றிப் புசுவின் வாயில் விட்டேன். ஒரே ஒரு மூடி. அவ்வளவுதான் கொடுத்தேன். மீதியைப் பூரணிக்காக வைத்துக்கொண்டேன். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள் என்று என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஒட்டக மணி கேட்டது. தலைப்பாகைக்காரர்தான். மேட்டில் ஒன்றும் கிடைக்காமல் போகவே, என் தடத்தைப் பிடித்து வந்திருக்கிறார். தன் தலைப்பாகையை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்து, என் மகளின் உடம்பு முழுவதும் சுற்றினார். அப்புறம் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் அவர் காலில் விழுந்தேன். இரண்டு வருடமாக அந்த மண்ணின் ஆட்களை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பூரணி பிழைத்தாள். புசு பிழைக்கவில்லை. அன்று சாயங்காலமே, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜீப்பின் பின்சீட்டில், என் வீட்டுக்காரர் மடியில் போய்விட்டாள். வெயில் தாங்கவில்லை என்றார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் அவரே குழி தோண்டிப் புதைத்தார். நான் அப்போது ஆஸ்பத்திரியில் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்தியைச் சொன்னபோது என் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். கேட்டதைக் கொடுத்துவிட்டார், சொன்னதை எடுத்துக்கொண்டார் என்ற பயம்.

இந்த வருடம் ஊருக்கே மாறுதல் கிடைத்து வந்துவிட்டோம். வந்த முதல் அஷ்டமிக்கே கோயிலுக்கு வந்து அழுதேன். நடந்ததைப் பாதி சொன்னேன். உடனே நம்மில் ஒரு அக்கா, "பைரவர் உயிருக்கு உயிர் வாங்கிட்டாருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது. ஆறு மாதம் தூங்கவில்லை. ஏனென்றால் நாயை எடுத்துக்கொள் என்று என் வாயால் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் அடித்தேன். அப்புறம் விலையாகக் கொடுத்தேன். கடைசியில் தண்ணீரையும் அளந்து ஊற்றினேன். அந்த நாய் இதையெல்லாம் அறியாமல் என் பிள்ளைக்கு வெயில் படாமல் படுத்திருந்தது.

போன மாதம் பூரணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கரியனுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவனுக்குச் சோறு பிசைவது நான்தான், வைப்பது அவள். திடீரென்று எனக்குத் தாங்கவில்லை. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலைவனத்தில் சாமியிடம் நான் என்ன பேரம் பேசினேன் என்று சொன்னேன். "என்னை வெறுத்தாலும் பரவாயில்ல கண்ணு" என்றேன்.

அவள் கரியனின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே புசு அங்க வந்து படுத்துடுச்சுங்கம்மா" என்றாள்.

"என்ன கண்ணு சொல்ற?" என்றேன்.

அவள் விவரமாகச் சொன்னாள். மணல் கொதிக்க ஆரம்பிக்கும் முன்பே அவர்கள் அந்த மரத்தடிக்கு வந்துவிட்டார்களாம். புசு முதலில் அவள் காலடியில்தான் படுத்ததாம். வெயில் அவள் முகத்துக்கு வந்ததும் எழுந்து தலைமாட்டுக்கு வந்ததாம். வெயில் நகர நகரத் தானும் எழுந்து எழுந்து இடம் மாறிப் படுத்ததாம். பூரணி தள்ளிவிட்டும் போகவில்லையாம். நான் கூடாரத்தில் நின்று கத்தத் தொடங்கியதே மணல் கொதித்த பிறகுதான்.

இப்போது சொல்லுங்கள். நான் கேட்கும் முன்பே என் பிள்ளைக்குக் காவல் போட்டாகிவிட்டது. நான் திட்டத் தொடங்கும் முன்பே, பேரம் பேசும் முன்பே, மண்டி போடும் முன்பே. உயிருக்கு உயிர் வாங்குகிறவர் இல்லை நம் பைரவர். அந்த அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் என் முன்னால் இனி யாரும் அப்படிச் சொல்ல நான் விட மாட்டேன். புசுவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளாகத்தான் அங்கே இருந்தாள். அன்பினால் இருந்தாள். கரண்டியால் அடித்தவள் பெற்ற பிள்ளைக்காக இருந்தாள். அந்த அன்பை அவளுக்குள் வைத்தவர் யாரோ அவரைத்தான் நான் கும்பிடுகிறேன்.

என்னிடம் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பூரணிக்குக் கொட்டு வைத்து எதையும் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கையை ஓங்கினால் என் கையே எனக்குக் கூசுகிறது.

உங்களில் யாராவது இப்போது சாமி மேல் கோபமாக இருக்கலாம். விளக்குப் போட்டும் நடக்கவில்லை என்று கோயில் வாசலோடு திரும்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் போனேன். உள்ளே வாருங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டுங்கள், அவர் கேட்டுக்கொள்வார். ஒன்றே ஒன்றைத்தான் உங்கள் தங்கச்சியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் எதையும் ஈடாக வைத்துக் கேட்காதீர்கள். சும்மா கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும்போது, உங்கள் பிள்ளைக்கு வெயில் வருகிற பக்கம் பார்த்து அவர் ஏற்கெனவே ஆளை அனுப்பியிருப்பார்.